ஹைலக்ஸா, டி-மேக்ஸா, டிரைட்டனா, நவாராவா? ஜப்பான் பிக்கப் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவில் பிக்கப்பை ‘யூட்’ என்பார்கள். யூட் வாங்கப் போகிற பலர் ஷோரூம் வாசலை மிதிக்கும் முன்பே ஒரு பெயரை முடிவு செய்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன நிற்கிறதோ அது, இல்லையென்றால் அப்பா ஓட்டியது. அப்படி முடிவு செய்ய முடியாமல் திண்டாடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா என்ற நான்கில் எது?

குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேப் வகையை எடுத்துக்கொண்டால், காகிதத்தில் நான்கும் கிட்டத்தட்ட ஒரே வண்டி. ஏணி வடிவச் சட்டமான லேடர் சேசிஸ், டீசல் எஞ்சின், ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் ஏறக்குறைய ஒரு டன் சுமை, பிரேக் உள்ள டிரெய்லரானால் 3,500 கிலோ இழுவை. போதாததற்கு, ஆஸ்திரேலியாவுக்கு வரும் நான்கும் ஜப்பானில் அல்ல, தாய்லாந்தில் தயாராகின்றன. அங்கே பிக்கப்புக்குக் காரைவிட வரி குறைவு, அதனால் உள்ளூர்ச் சந்தை பெரிது, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. 2004இல் டொயோட்டா ஹைலக்ஸின் உலகத் தயாரிப்பை அங்கே கொண்டுபோனது.

அமெரிக்காவில் மட்டும் இந்த நான்கையும் பார்க்க முடியாது. ஐரோப்பாவோடு கோழி இறக்குமதியில் வந்த சண்டைக்குப் பதிலடியாக, வெளிநாட்டு இலகு லாரிகள் மீது 1964 முதல் அங்கே 25 சதவீத வரி. கோழிச் சண்டை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, வரி மட்டும் போகவில்லை. அமெரிக்கர்களுக்கு டொயோட்டா டகோமா, நிசான் ஃபிரான்டியர் என்று தனி வண்டிகள். அவை இந்தக் கட்டுரையில் வராது. ஃபோர்ட் ரேஞ்சரும் வராது. அது ஜப்பான் வண்டி இல்லை, ஆனால் பட்டியலில் இருக்க வேண்டிய வண்டிதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

குதிரைசக்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 190க்கும் 204க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட ஓட்டத்தில் தெரியவே தெரியாது. கேட்க வேண்டியவை வேறு.

வாரநாளில் வண்டி காலியாகப் போகிறதா, சுமையோடா? பிக்கப்பின் பின் ஸ்பிரிங் ஒரு டன்னைத் தாங்கும்படி அமைந்தது. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது முதுகுக்குச் சொல்லும். பலர் ஆண்டில் முக்கால்வாசி நாள் காலியாகத்தான் ஓட்டுகிறார்கள்.

எவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓடுகிறது? இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் உள்ளேயே கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் அந்தச் சூடு கிடைக்கும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டமே அதிகம் என்றால் வடிகட்டி பாதி எரிந்து நின்று, எரிந்து நின்று, கடைசியில் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு என் பதில் நான்கில் எதுவும் வேண்டாம் என்பதுதான். பெட்ரோல் எஸ்யுவியோ ஹைபிரிடோ பாருங்கள், தேவைப்படும் நாளில் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள்.

ஈரமான தார்ச்சாலையில் அதிகம் ஓட்டுகிறீர்களா? இதைப் பலர் கேட்பதே இல்லை. டிரைட்டனுக்கு வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

பக்கத்துப் பணிமனை எது? வண்டியின் பெயரைவிட இது முக்கியம்.

உண்மையில் எவ்வளவு இழுக்கப் போகிறீர்கள்? இங்கேதான் விளம்பரம் நம்மை ஏமாற்றுகிறது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

## 3,500 கிலோ என்ற எண்ணுக்குப் பின்னால்

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை ஜிசிஎம் என்பார்கள். கையேட்டில் ஒரு மூலையில் இருக்கும்; விளம்பரத்தில் இருக்காது.

எட்டாம் தலைமுறை ஹைலக்ஸின் 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக் டபுள் கேபுக்கு ஜிசிஎம் 5,850 கிலோ. 3,500 கிலோ கேரவன் ஒன்றை மாட்டினால் மிச்சம் 2,350. வண்டியின் சொந்த எடையே சுமார் 2,100. ஆக, ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 250 கிலோ. கணவன், மனைவி இருவருக்கு 150 வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எஃகு புல்பார் போட்டால் ஐம்பது கிலோவைத் தாண்டும். பின் தொட்டியை மூடும் கேனப்பி, ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி என்று சேர்த்தால் வரம்பு போய்விட்டது. பிள்ளைகளை இன்னும் ஏற்றவே இல்லை.

இதே கணக்கை 2023இல் வந்த டிரைட்டனுக்குப் போடுங்கள். ஜிசிஎம் 6,250. 3,500 போனால் 2,750. வண்டி எடை சுமார் 2,150 போக மிச்சம் 600. டி-மேக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்று வண்டியின் விளம்பரத்திலும் 3,500 என்ற ஒரே எண்தான்.

வரம்பு மீறினால் அபராதம் மட்டும் பிரச்சினை இல்லை. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அது ஒரு காரணம் போதும். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் சுமைவரம்பை உயர்த்தலாமே என்றால், உயர்த்தலாம். ஆனால் அதனால் ஜிசிஎம் தானாக உயர்ந்துவிடாது. என்னைக் கேட்டால், 2,500 கிலோவுக்கு மேல் அடிக்கடி இழுக்கிறவர் இந்த அளவு பிக்கப்பில் நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொரு சின்ன ஏமாற்றம் பின் தொட்டியில். ஆஸ்திரேலியாவின் வழக்கமான மரப் பேலட் 1,165 மில்லிமீட்டர் சதுரம். இந்த வண்டிகளின் தொட்டியில் இரு சக்கர வளைவுகளுக்கும் நடுவே அது தட்டையாக உட்காராது. தொட்டியின் நீளமும் ஒன்றரை மீட்டர் அளவுதான், 2.4 மீட்டர் பிளைவுட், தொட்டியின் பின் கதவைத் திறந்துவைத்தால்தான் போகும். தச்சு, கட்டட வேலை என்றால் சிங்கிள் கேபும் தட்டையான டிரேயும் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஹைலக்ஸ் (8ஆம் தலைமுறை) | டி-மேக்ஸ் (2019 முதல்) | டிரைட்டன் (2023 முதல்) | நவாரா (டி23 தலைமுறை, பழையது) |
|---|---|---|---|---|
| டீசல் எஞ்சின் | 2.8 லிட்டர் | 3.0 லிட்டர் | 2.4 லிட்டர், இரட்டை டர்போ | 2.3 லிட்டர், இரட்டை டர்போ |
| சக்தி (பிஎஸ், அதாவது குதிரைசக்தி) / டார்க் (சுழற்று விசை, என்எம்) | 204 பிஎஸ் / 500 என்எம் | 190 பிஎஸ் / 450 என்எம் | 204 பிஎஸ் / 470 என்எம் | 190 பிஎஸ் / 450 என்எம் |
| டபுள் கேபின் பின் ஸ்பிரிங் | லீஃப் (பட்டை) | லீஃப் | லீஃப் | காயில் (சுருள்) |
| காய்ந்த தாரில் நான்கு சக்கர ஓட்டம் | இல்லை | இல்லை | உயர்ந்த வகைகளில் உண்டு | இல்லை |
| ஆஸ்திரேலிய வாரண்டி | 5 ஆண்டு, கி.மீ. வரம்பில்லை | 6 ஆண்டு அல்லது 1,50,000 கி.மீ. | நிபந்தனையோடு 10 ஆண்டு அல்லது 2,00,000 கி.மீ. | 5 ஆண்டு, கி.மீ. வரம்பில்லை |

## டொயோட்டா ஹைலக்ஸ்

1968இல் பிறந்த பெயர். 1987இல் சாட் நாட்டுப் படை டொயோட்டா பிக்கப்களில் ஏறிப் போய் லிபியாவின் டாங்கிகளை விரட்டிய சண்டைக்கு ‘டொயோட்டா போர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதிலிருந்து ஹைலக்ஸ் என்றால் உடையாது என்ற பேச்சு.

உடையும். எல்லா வண்டியும் உடையும். ஆனால் ஹைலக்ஸ் உடைந்தால் அதற்கான வீல் பேரிங்கும் கிளட்ச் தட்டும் நடு ஆப்பிரிக்காவிலும், குவீன்ஸ்லாந்தின் மூலையில் உள்ள ஊரிலும், ஓமானின் பாலைவனச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும். பிரித்துப் பூட்டத் தெரிந்த கையும் அங்கே இருக்கும். ஹைலக்ஸின் பெயருக்குப் பாதிக் காரணம் இந்த வலைதான். நகரத்தில் இருப்பவருக்கு அந்த வலை அவ்வளவாகப் பயன்படாது, ஆனால் அதற்கான விலையை அவரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். பழைய வண்டிச் சந்தையில் இது இன்னும் மோசம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஹைலக்ஸுக்குக் கேட்கும் விலையில் இன்னும் கொஞ்சம் போட்டால் வாரண்டி பாக்கியுள்ள வேறொரு வண்டி கிடைத்துவிடும்.

மறைந்த செலவு என்று பார்த்தால் முதலில் சர்வீஸ். எட்டாம் தலைமுறைக்கு ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டி-மேக்ஸும் டிரைட்டனும் பன்னிரண்டு மாதம் அல்லது 15,000. ஒரு சர்வீஸின் விலை குறைவாகத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை என்பதையும், அந்த இரண்டு நாளும் வேலைக்கு வண்டி இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது டிபிஎஃப். 2015 முதல் 2020 வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில், இந்த அமைப்பே குறைபாடுள்ளது என்று 2022இல் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற சண்டை 2024இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் வரை போனது. 2020க்குப் பிறகு வந்தவற்றில் அமைப்பை மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய வண்டி வாங்குகிறவர், டிபிஎஃப் சம்பந்தமாக என்னென்ன வேலை நடந்தது என்று சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்காது. அங்கே கம்பெனி முற்றங்களில் நிற்பவற்றில் 2.7 லிட்டர் பெட்ரோல் ஹைலக்ஸ் ஏராளம்.

எப்போது ஹைலக்ஸ் சரி: ஊரை விட்டுத் தூரமாக ஓட்டுகிறவர், பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், அல்லது மூன்றே ஆண்டில் விற்று நல்ல விலை பார்க்க நினைக்கிறவர். இந்த இரு கோடிகளுக்கும் நடுவில் இருப்பவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

## இசுசு டி-மேக்ஸ், கூடவே மஸ்டா பிடி-50

இசுசு கார் உருவாக்குவதை 1990களிலேயே விட்டுவிட்ட நிறுவனம். லாரி, பிக்கப், டீசல் எஞ்சின், அவ்வளவுதான். மூன்று லிட்டரிலிருந்து 190 பிஎஸ் மட்டுமே எடுக்கிறார்கள். இன்றைய எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இது குறைவு, ஆனால் நீண்ட நாள் உழைக்க வேண்டிய எஞ்சினுக்கு அதுதான் நல்லது. டைமிங் பெல்ட் கிடையாது, பல்சக்கரமும் செயினும். குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஹைலக்ஸின் 2.8க்கும் செயின்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல்ட் இருந்தது அதற்கு முந்தைய 3.0 எஞ்சினில்.

ஆஸ்திரேலியாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஆன்கேப் அமைப்பு, 2020இல் தன் மோதல் சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. அந்தப் புதிய விதிகளின்படி ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் யூட் இதுதான். முன் இருக்கைகளுக்கு நடுவே விரியும் ஏர்பேக்கும் உண்டு.

குறை? காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே தெரியும். லாரிக்காரன் எஞ்சின் லாரி மாதிரித்தான் பேசும். காலியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளுவதில் ஹைலக்ஸோடு போட்டி போடும். வாரண்டி ஆறு ஆண்டு என்று நீளமாகத் தெரிந்தாலும் 1,50,000 கிலோமீட்டர் என்ற வரம்பு உண்டு; ஆண்டுக்கு 40,000 ஓட்டுகிறவருக்கு அது நான்கு ஆண்டுகூட வராது.

அப்படி நிறைய ஓட்டுகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. 2020 முதல் வரும் மஸ்டா பிடி-50, இசுசுவின் தாய்லாந்துத் தொழிற்சாலையிலேயே தயாராகும் இதே வண்டி. எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் எல்லாம் ஒன்று. முகமும் உள் அலங்காரமும் மட்டும் மஸ்டா. அதற்கு வாரண்டி ஐந்து ஆண்டு, கிலோமீட்டர் வரம்பில்லை. முகம் பிடிக்கவில்லை என்பதாலேயே பலர் அதை ஒதுக்குவதால் பேரம் பேசவும் இடம் உண்டு.

எப்போது இது சரி: தினம் சுமையோடு, நெடுந்தூரம், பல ஆண்டு. யோசிக்க நேரமில்லை, ஒரு பெயர் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தப் பெயர்தான்.

## மிட்சுபிஷி டிரைட்டன்

முன்பெல்லாம் ‘விலை குறைவு, அதனால் வாங்கலாம்’ என்ற வண்டி. 2023 ஜூலையில் பாங்காக்கில் அறிமுகமான ஆறாம் தலைமுறைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. சேசிஸ் புதிது, எஞ்சின் புதிது, உடம்பும் பெரிது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு 2024இல் ஜப்பானிலேயே மறுபடி விற்பனைக்கு வந்தது.

இதன் தனிச் சொத்து நான்கு சக்கர ஓட்டம். வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். ஹைலக்ஸிலும் டி-மேக்ஸிலும் நான்கு சக்கரத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பிடிப்புள்ள தாரில் வழுக்க முடியாமல் முறுக்கம் ஏறி, ஸ்டீயரிங் இறுகும், கியர்கள் அடிவாங்கும். ஆகவே தாரில் இரண்டு சக்கரம்தான். பின்பக்கம் காலி, மழை, ரவுண்டானாவில் லேசாக ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள்: வால் ஒதுங்குகிறது. பிக்கப் ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த பயம் இது. டிரைட்டனின் உயர்ந்த வகைகளில் உள்ள சூப்பர் செலக்ட் அமைப்பில், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் ஒன்று நடுவே இருக்கிறது. அதனால் தாரிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். மழை அதிகமுள்ள ஊர்களிலும், தாரும் சரளையும் மாறி மாறி வரும் சாலையிலும் இதன் அருமை தெரியும். கீழ்நிலை வகைகளில் இது இல்லை. விலைப்பட்டியலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தொந்தரவும் உண்டு. ஓட்டுநரின் முகத்தைக் கவனிக்கும் கேமரா, கண்ணாடியைப் பார்த்தால்கூடக் கவனம் சிதறுகிறது என்று பீப் அடித்ததாக ஆரம்பகால வண்டிகளைப் பற்றி நிறையப் புகார். பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள். பத்து ஆண்டு வாரண்டிக்கு நிபந்தனை, எல்லா சர்வீஸும் டீலரிடமே செய்ய வேண்டும் என்பது. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒருமுறை போனால் அது ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராகச் சுருங்கும். டீலர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்றால் பத்து ஆண்டு என்பது காகிதத்தில்தான். மறுவிற்பனையில் ஹைலக்ஸ் அளவு விலையும் எதிர்பார்க்க முடியாது.

## நிசான் நவாரா

இங்கே ஒரே பெயரில் வேறு வேறு வண்டிகள். 2014இல் வந்த டி23 டபுள் கேபுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங். காலியாக ஓட்ட நான்கில் இதுதான் சுகம். மெர்சிடிஸ் தன் எக்ஸ்-கிளாஸ் பிக்கப்பை இதன்மீதுதான் கட்டியது; 2017இல் வந்து 2020இல் போய்விட்டது அந்த வண்டி. ஆனால் சுமை ஏற்றினால் ஆரம்பகால நவாராவின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் நிசான் சஸ்பென்ஷனை ஒருமுறைக்கு இரண்டுமுறை திருத்த வேண்டியிருந்தது. பழையது வாங்கினால் 2018க்குப் பிந்தைய திருத்தத்தைத் தேடுங்கள். அதற்கும் முந்தைய டி40 தலைமுறையில் சேசிஸ் துருப்பிடித்து இரண்டாக முறிந்த வண்டிகள் பிரிட்டனில் செய்தியாயின. கடலோரத்திலோ பனிக்கு உப்புத் தூவும் நாட்டிலோ ஓடிய டி40 என்றால், அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

2025 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு அறிவித்த புதிய நவாரா, உள்ளே டிரைட்டன். மெல்போர்னின் பிரெம்கார் நிறுவனம் சஸ்பென்ஷனைத் தனியாகச் சீர்படுத்தியிருக்கிறது; பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான். அதாவது நவாரா வாங்க இருந்த பழைய காரணம் புதியதில் இல்லை. டிரைட்டனையும் இதையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்து, டீலர் தூரத்தையும் வாரண்டி நிபந்தனையையும் வைத்து முடிவு செய்யலாம்.

## இந்தியாவில் இருப்பவர்களுக்கு

இங்கே போட்டியே இசுசு வி-கிராஸுக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும்தான். டி-மேக்ஸின் இந்திய வடிவமான வி-கிராஸ், சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. 1.9 லிட்டர், 163 பிஎஸ், 360 என்எம். உடம்பு 2011 தலைமுறையுடையது. வெளிநாட்டில் 2019இல் வந்த புதியது இங்கே இதுவரை விற்றதில்லை. 2022இல் வந்த ஹைலக்ஸில் ஃபார்ச்சூனரின் அதே 2.8 எஞ்சின். ஆட்டோமேட்டிக்கில் 500 என்எம், மேனுவலில் 420.

பணம் குறியென்றால் வி-கிராஸ். சர்வீஸ் வலையும் மறுவிற்பனையும் குறியென்றால் ஹைலக்ஸ், ஏனென்றால் ஃபார்ச்சூனரைப் பிரித்துப் பூட்டுகிற எந்த டொயோட்டா பணிமனைக்கும் இது புதிதல்ல. வால்பாறை மாதிரி மலைப்பாதையில் சுமையோடு ஏறுகிறவருக்கு அந்தக் கூடுதல் டார்க் நிஜமாகவே உதவும். இரண்டுமே ஐந்தே கால் மீட்டரைத் தாண்டும் நீளம். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் உங்களுக்குள்ள கட்டத்தை டேப்பால் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

## முன்பணம் கொடுக்கும் முன்

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் சொல்லும் வழவழப்பான பாதையில் முடித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தினம் போகும் சாலையின் மோசமான துண்டில் ஓட்டுங்கள். பின் இருக்கையில் வீட்டிலிருந்து ஒருவரை உட்காரவையுங்கள். பிக்கப்பின் பின் இருக்கை முதுகு எவ்வளவு நிமிர்ந்தது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. மாட்டப் போகும் புல்பார், கேனப்பி, கொக்கி எல்லாவற்றின் எடையையும் எழுத்தில் கேட்டு வாங்கி, மேலே போட்ட கணக்கை உங்கள் வண்டிக்கும் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் சுமைவரம்பை உயர்த்துவதென்றால் வண்டி முதல்முறை பதிவாவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். அப்போது செய்தால் நாடு முழுக்கச் செல்லும். பதிவுக்குப் பிறகு என்றால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி.